அழத் தெரிந்த புல்

கருக்கங்காட்டுப்புதூரில் மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு கொறங்காடுகள். சுற்றிலும் கிளுவை வேலி, நடுவே அங்கங்கே வெள்வேல மரம், மிச்சம் முழுக்கக் கொழுக்கட்டைப் புல். இப்படி மாட்டுக்கென்றே விட்ட நிலத்துக்கு அந்தப் பக்கத்தில் கொறங்காடு என்று பேர். அன்று காலை ஆறு மணிக்கு இருநூற்றுப் பதினோரு வாசல் படல்களில் சிவப்பு விளக்கு எரிந்தது. நாலைந்து வருடமாக அப்படியேதான் எரிகிறது. சிவப்பு என்றால் புல் மறுக்கிறது. புல் மறுத்தால் படல் திறக்காது, படல் திறக்காவிட்டால் மாடு உள்ளே போக முடியாது. மீறி மாடு உள்ளே போனால் மாட்டுக்காரரும் உள்ளே போவார், அது வேறு உள்ளே.

ஒரே ஒரு படலில் மட்டும் பச்சை. மயிலாத்தாளின் காடு அது.

அந்தப் பச்சையை விசாரிக்கத்தான் பொறித் தணிக்கையாளர் ஜெபமணி தானே ஓடும் தானோடி வண்டியில் வந்து இறங்கினார். நாசரேத்துப் பக்கத்து ஆள், நாற்பத்தொரு வயது. சந்தேகம் அவருக்குப் பிறவிக்குணம். டீக்கடையில் டம்ளரை வாங்கினால் குடிப்பதற்கு முன் தூக்கி அடிப்பக்கத்தைப் பார்ப்பார். சொந்த மைத்துனன் கல்யாணப் பத்திரிகை நீட்டியபோது, மண்டபத்துக்குப் போன் போட்டு விசாரித்துவிட்டுத்தான் மொய்க் கவர் வாங்கப் போனார். வீட்டில் இதற்காக ஏச்சு வாங்கினாலும், மேய்ச்சல் இசைவு ஆணையத்தில் இதற்காகவே அவருக்கு மரியாதை.

புல்லின் இசைவு இல்லாமல் மேய்க்கக் கூடாது என்ற சட்டம் வந்து முப்பத்தோரு வருடம் ஆகிறது. ஐந்து வருடம் தொடர்ந்து மழை ஏமாற்றி, மாடுகள் தூர்வரை கடித்துத் தின்று, கொங்கு மண் தூசியாகக் கிளம்பிக் கடல்வரை போன பிறகு வந்த சட்டம். புல்லுக்கு வாய் கிடையாது, ஆனால் வேரில் மின்துடிப்பு உண்டு. நோகும்போது ஒரு மாதிரித் துடிக்கும், தெம்பாக இருக்கும்போது வேறு மாதிரி. மண்ணுக்கடியில் ஒரு சாண் ஆழத்தில், தலைமுடியைவிட மெல்லிய வேர்க்கம்பிகளை வலையாகப் பதித்து, அந்தத் துடிப்பைக் கேட்டு, நூற்றுக்கு இத்தனை என்று நோவு எண் சொல்கிற பொறிதான் இசைவுமானி. எண் நாற்பதுக்குக் கீழே வந்தால் பச்சை, மேலே போனால் சிவப்பு. அவ்வளவுதான் கணக்கு.

முதல் பத்து வருடம் அற்புதமாக இருந்தது. பொட்டலெல்லாம் பச்சையானது. புல்லைக் கேட்டுவிட்டு மாட்டை விட்ட முதல் மனிதர்கள் நாம்தான் என்று பள்ளிக்கூடப் புத்தகத்தில் பாடம் வந்தது. குழந்தைகள் பூங்காவில் புல்லை மிதித்த அப்பாக்களைக் கண்டித்தன. படல் மூடியிருக்கும் நாட்களில் மாடு பட்டினி கிடக்கக் கூடாதே என்று ஆணையம் தொட்டித்தீவனம் கொடுத்தது. பெரிய தொட்டிகளில் பாசி வளர்த்து, காயவைத்து, வட்டமாகத் தட்டிய பச்சை வில்லை. வீட்டு வாசலுக்கே வந்துவிடும். படல் திறந்தால் நின்றுவிடும்.

மயிலாத்தாளின் வாசலுக்கு அது கடைசியாக வந்து மூன்று வருடம் ஆகிறது. சிவப்பு விழுந்தாலும் பத்து நாள், பதினைந்து நாள், தீவன வண்டி வருவதற்குள் பச்சை வந்துவிடும். அவள் மானியை ஏமாற்றுகிறாள் என்று வேலிக்கு அந்தப் பக்கத்து நாச்சிமுத்து புகார் எழுதியிருந்தார். நிரூபணமானால் அவள் காட்டுக்கு ஏழு வருடம் முத்திரை. ஒன்பது பசுவும் ஒரு பொலிகாளையும் ஆணையப் பட்டிக்குப் போய்விடும். புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு அவளுக்கு இருந்தது அந்தப் பத்து உருப்படியும் அந்தக் காடும்தான். மகள் ஈரோட்டில் நர்சிங் படிப்பதும் அந்தப் பாலில்தான்.

மயிலாத்தாள் படலடியில் நின்றுகொண்டிருந்தாள். முப்பத்தெட்டு வயது, வெயிலில் கறுத்த முகம், இடுப்பில் செருகிய அரிவாள்.

"வாங்கோ. மோர் குடிக்கறீங்களா?"

"வேண்டாம்மா. மொதல்ல பொட்டியத் தொறங்க."

"நான் தொறந்தாத்தானுங்க குத்தம். முத்திரை உங்களுது, நீங்களே தொறங்."

மானிப் பெட்டியின் முத்திரை அப்படியே இருந்தது. அதுவே ஜெபமணிக்குப் பிடிக்கவில்லை. மற்ற காடுகளில் முத்திரை வெயிலில் வெளுத்து, ஓணான் ஏறி, ஓரம் கிழிந்திருக்கும். பெட்டிக்குள்ளும் சிலந்திக் கூடுகூட இல்லை.

"இவ்வளவு சுத்தமா எதுக்கு வச்சிருக்கிய?"

"அழுக்கா இருந்தா எதுக்கு அழுக்கா வச்சிருக்கீன்னு கேப்பீங்கோ."

அவர் குனிந்து வேர்க்கம்பி போகும் தடத்தை மோந்து பார்க்க ஆரம்பித்தார். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. போன வருடம் வேறொரு ஊரில் ஒருத்தர் கம்பிக்கு மேலே தினமும் கள் ஊற்றிப் புல்லைச் சந்தோஷமாக வைத்திருந்து பிடிபட்டார். இன்னொருவர் வெல்லக் கரைசல். இங்கே ஓர் இடத்தில் மண் ஈரமாக இருந்தது. ஜெபமணி விரலால் தொட்டு மூக்கருகே கொண்டு போனார்.

"அது செவலை மாட்டோட மூத்திரமுங்க," என்றாள் மயிலாத்தாள். "காலையில பேஞ்சது."

அன்று முழுக்க அவர் இரண்டு காடுகளையும் காலால் அளந்தார். நாச்சிமுத்துவின் காட்டைப் பார்த்ததும் அவருக்கு மனசு நிறைந்தது. இடுப்புயரப் புல், பொன்னிறம், காற்றில் ஒன்றாகச் சாய்ந்து ஒன்றாக நிமிர்ந்தது. ஆணையத்தின் காலண்டர் அட்டையில் போடலாம். மயிலாத்தாளின் காடோ கண்ணுக்கு அசிங்கம். ஒரு தூர் முழங்கால் உயரம், பக்கத்துத் தூர் இரண்டு விரல் உயரம். எங்கே பார்த்தாலும் சாணி, சாணிக்குள் வண்டு, வண்டைக் கொத்த மைனா. கால் வைத்தால் காலடியிலிருந்து காடை விர்ரென்று கிளம்பி அவரைப் பின்னால் துள்ள வைத்தது. அந்த வண்டும் காடையும் நாச்சிமுத்துவின் காட்டில் ஏன் இல்லை என்று அவருக்கு அன்றைக்குத் தோன்றவில்லை. சந்தேகப்படுகிற ஆளுக்கும் ஒரு பக்கம்தான் கண் இருக்கிறது.

இரண்டாம் நாள் காலை அவருக்கு வேண்டியது கிடைத்தது. காட்டின் பின்மூலையில் மாட்டுத்தடம் ஒன்று நேராகக் கிளுவை வேலிக்குள் போய் முடிந்தது. வேலியில் ஒரு முள்கட்டு செருகியிருந்தது. இழுத்ததும் வந்துவிட்டது. ஒரு காளை தாராளமாக நுழையும் அளவுக்கு ஓட்டை. கிளுவைக் குச்சியில் சாம்பல் நிற மாட்டு ரோமம்.

ஜெபமணி அவளைக் கூப்பிட்டுக் காட்டினார். ஜெயித்த குரலில்தான் கேட்டார், அதை மறைப்பானேன்.

"இது என்னம்மா?"

மயிலாத்தாள் ஓட்டையைப் பார்த்தாள். அவள் கை அரிவாள் பிடியைத் தடவிக்கொண்டிருந்தது. பத்து உருப்படியும் அவள் கண்முன்னால் ஒவ்வொன்றாக வண்டி ஏறுவது அவருக்கே தெரிந்தது.

"ஓட்டைங்க," என்றாள். "மானி வேண்டாங்கும், என்ற கண்ணு விடலாங்கும். வருசத்துக்கு ஒரு பத்து நாளு. அப்ப இதுல விடுவனுங். கல்யாணமாயி வந்த வருசத்துல இருந்து, இருபது வருசமா விடறனுங். பொய் சொல்லி என்னாகப் போகுது."

"புல்லு வேண்டாம்னு சொல்லச் சொல்ல மாட்ட விட்டிருக்கிய."

"மானி சொல்லுச்சுங்க. புல்லு சொல்லுச்சான்னு எனக்குத் தெரியாதுங்."

அவர் குறிப்பேட்டில் எழுத ஆரம்பித்தார். மூன்றாவது வரியில் பேனா நின்றது. இசைவில்லாமல் மேய்த்தால் புல் நோகும். நொந்தால் எண் ஏறும், எண் ஏறினால் சிவப்பு. இருபது வருடம் திருட்டு மேய்ச்சல் நடந்த காட்டில்தான் ஊரிலேயே அதிகச் சிவப்பு இருக்க வேண்டும். ஆனால் ஊரிலேயே இங்கேதான் பச்சை. குற்றம் நடந்திருக்கிறது, ஆனால் புகாரில் சொன்ன குற்றம் அது இல்லை. இப்படி ஒரு பக்கம் இடித்தால் ஜெபமணிக்குச் சோறு இறங்காது.

தானோடியிலிருந்து கைம்மானியை எடுத்து வந்தார். மூன்று ஊசிகளைத் தூரில் குத்தினால் அந்த ஒரு தூரின் நோவு எண்ணைச் சொல்லும். மாடு இரண்டு விரல் உயரத்துக்குக் கடித்திருந்த மயிலாத்தாளின் தூரில் குத்தினார். பதினான்கு. வேலி தாண்டிப் போய், யாரும் தொடாமல் இடுப்புயரம் வளர்ந்து நின்ற நாச்சிமுத்துவின் தூரில் குத்தினார். தொண்ணூற்றொன்று.

"இப்ப புரியுது," என்று திரும்பி வந்தார். "அடிச்சு அடிச்சு ஒங்க புல்லு மரத்துப் போச்சு. வலிச்சாலும் சொல்லாது."

மயிலாத்தாளுக்குக் கோபம் வந்தது. இடுப்பு அரிவாளை உருவி, பிடியை அவர் பக்கம் திருப்பி நீட்டினாள். "அப்பிடின்னா அறுத்துப் பாருங்க. கேக்கறதுதான் கேக்கறீங்கோ, ரெண்டு பக்கத்தையும் கேளுங்."

அவர் அறுத்தார். மயிலாத்தாளின் தூரை மண்ணோடு ஒட்ட அறுத்ததும் எண் பதினான்கிலிருந்து அறுபத்தாறுக்குக் குதித்தது. ஒரு குடம் தண்ணீர் ஊற்றி, ஓலையால் நிழல் கட்டினார். மத்தியானத்துக்குள் முப்பத்தொன்றுக்கு இறங்கிவிட்டது. மரத்துப்போன புல் இப்படி ஏறி இறங்காது.

பிறகு நாச்சிமுத்துவின் தூரை அறுத்தார். தொண்ணூற்றொன்று. தண்ணீர் ஊற்றினார். தொண்ணூற்றிரண்டு. நிழல் கட்டினார். தொண்ணூற்றொன்று. பக்கத்தில் அறுக்காத தூர், அதற்கடுத்தது, நூறடி தள்ளி இன்னொன்று. எல்லாம் தொண்ணூற்றொன்றுக்கு இப்படி அப்படி. அறுத்தாலும் அதே அழுகை, தண்ணீர் விட்டாலும் அதே அழுகை. இந்தப் புல்லுக்கு ஒரே ஒரு சொல்தான் தெரிந்திருந்தது.

ஜெபமணி அந்தத் தூரைப் பிடித்து இழுத்தார். அது கையோடு வந்துவிட்டது. வெளியே பொன்னிறம், உள்ளே நடுத்தூர் சாம்பலாக மக்கியிருந்தது. கொழுக்கட்டைப் புல் ஒரு பருவத்தோடு சாகிற புல் அல்ல, பல வருடம் வாழ்வது. ஆனால் வருடா வருடம் பழைய தாளை யாராவது கடித்து எடுத்தால்தான் தூரில் வெயில் பட்டுப் புதுத் துளிர் வரும். கடிக்க ஆளில்லாத தாள் தாள்மேல் விழுந்து, மெத்தையாகி, தன் குருத்தைத் தானே மூடிக்கொண்டுவிட்டது. மெத்தைக்குக் கீழே மண் இறுகிக் கிடந்தது. மழை பெய்தால் மேலோடு வழிந்து போய்விடும். சாணி இல்லாததால் வண்டு இல்லை, வண்டு இல்லாததால் மண்ணில் துளை இல்லை. காடைக்கு நடக்க இடமில்லை. அங்கங்கே இடைவெளியில் பார்த்தீனியம் தலை நீட்டியிருந்தது.

"என்னை விட்டுருங்க, தொடாதீங்கன்னு அழுது அழுதே அழுகிப் போயிருக்கு," என்று முணுமுணுத்தார். "இத யாரு சொல்லிக் குடுத்தா?"

யோசித்துக்கொண்டே திரும்பியவர் மயிலாத்தாளின் மாட்டுக்கொட்டகை ஓரத்தில் அடுக்கியிருந்த சாக்குகளைப் பார்த்தார். ஆணையத்தின் விதைச் சாக்குகள். வருடம் ஒன்று வீதம் எல்லாக் காட்டுக்காரருக்கும் இலவசமாகக் கொடுப்பது. ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை.

"வெதைக்கலையா?"

"இல்லீங். எங்க வீட்டுல மாடு கடிச்சு, மறுக்கா தழைச்ச தூருல இருந்து மட்டுந்தான் வெதை எடுப்பமுங். கடிபட்டுப் பொழைக்கறதுதான வேணும் மாட்டுக்காட்டுக்கு?"

ஜெபமணி சாக்குகளின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். அந்தச் சாக்குகள் எங்கிருந்து வருகின்றன என்று அவருக்குத் தெரியும். வேலையில் சேர்ந்த முதல் எட்டு வருடம் விதை சேகரிப்பில்தான் இருந்தார். விதை எங்கே நிறைய இருக்கும்? மாடு போகாத காட்டில். மாடு எங்கே போகவில்லை? படல் மூடிய காட்டில். எந்தப் படல் அதிக நாள் மூடியிருந்தது? எந்தக் காட்டில் புல் அதிகம் அழுததோ அங்கே. அந்தக் கதிர்களை உருவி, சாக்கில் கட்டி, தமிழ்நாடு முழுக்க அனுப்பினார்கள். கொழுக்கட்டைப் புல்லின் விதை பெரும்பாலும் மகரந்தத்துக்குக் காத்திருக்காது. தாய் எப்படியோ மகளும் அச்சு அப்படியே. எங்கோ ஒரு தூர், ஏதோ பிறவிக் கோளாறில், வலி இல்லாமலே துடித்திருக்கும். படல் மூடியதால் மாடு அதைத் தொடவில்லை. அது விதைத்தது. அடுத்த வருடம் அதன் மகள்கள் ஆயிரம் இடத்தில் துடித்தன. யாரும் புல்லுக்குப் பொய் சொல்லிக் கொடுக்கவில்லை. அழுததற்கெல்லாம் விதைச் சாக்கைக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். அந்தச் சாக்குகளில் கையெழுத்துப் போட்டவர்களில் அவரும் ஒருவர். வாழ்க்கையில் எல்லாவற்றையும் மோந்து பார்த்த மனிதருக்கு அன்று தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

மயிலாத்தாளின் காட்டில் மட்டும் அழுத தூருக்கு ஒரு லாபமும் இல்லை. மாடு ஓட்டை வழியாக வந்து தின்றுவிடும். அதனால் அங்கே வலித்தால் மட்டும் வலித்தது என்று சொல்கிற பழைய புல் அப்படியே நின்றுவிட்டது. ஊரில் சட்டத்தை மீறிய ஒரே காட்டில்தான் உண்மை பேசும் புல் இருந்தது.

சாயங்காலம் நாச்சிமுத்துவைப் பார்க்கப் போனார். ஐம்பது வயதுக்காரர், வாசலில் கட்டிலில் சாய்ந்து, மாடுகள் தீவன வில்லையை நொறுக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒங்க புல்லு பொய் சொல்லுது, தெரியுமா?" என்றார் ஜெபமணி.

நாச்சிமுத்து அதிர்ச்சியாகவில்லை. எழுந்து உட்கார்ந்து, துண்டை உதறித் தோளில் போட்டார். "மாட்டுக்காரனுக்குப் புல்லு தெரியாதுங்களா? பத்துப் பன்னண்டு வருசமாத் தெரியுமுங்."

"தெரிஞ்சும் சொல்லலையா?"

"எதுக்குங்க சொல்றது? சிவப்பு எரிஞ்சா தீவனம் வருது. படலைத் தொறந்து, கட்டிக் காத்து, வெயில்ல அலைஞ்சு, எதுக்குங்க? ஊர்ல எல்லாருக்கும் தெரியும். புல்லு அழுவுது, நாங்க படலை மூடிக்கறோம், நீங்க தீவனம் அனுப்பறீங்கோ. யாருக்கும் சண்டை ஓரியாட்டம் இல்லையே."

"அப்ப அந்தம்மா மேல எதுக்குப் புகார்?"

"அவ ஒருத்தி படலு பச்சையாவே எரிஞ்சா, மத்தவங்களுது ஏன் எரியலைன்னு என்னைக்காவது ஒருத்தன் கேப்பானுங்களே," என்றார் நாச்சிமுத்து. "இப்ப நீங்க கேக்கறீங்களே, அந்த மாதிரி."

ஜெபமணிக்கு அன்றிரவு தூக்கம் பிடிக்கவில்லை. வேலி ஓட்டையை மட்டும் எழுதினால் அறிக்கை அரைப்பக்கத்தில் முடிந்துவிடும், மயிலாத்தாளும் முடிந்துவிடுவாள். எல்லாவற்றையும் எழுதினால் இசைவுமானியே கேள்விக்குறி. மானி போனால் தணிக்கையாளர் எதற்கு? ஆனாலும் எழுதினார். நான்கு பக்கம். முதல் மூன்றில் என்ன நடந்தது என்பதையும், நான்காவதில் என்ன செய்ய வேண்டும் என்பதையும் எழுதினார். இந்தக் காட்டை எக்காரணம் கொண்டும் மூடக்கூடாது, மாடு கடிப்பதால்தான் இந்தப் புல் உண்மை பேசுகிறது, மூடினால் இதுவும் கெடும். நான்காம் பக்கத்தின் சாரம் இதுதான்.

பன்னிரண்டு நாளில் ஆணை வந்தது. ஆணையர் திரையில் தோன்றி அவரைப் பாராட்டினார். "மிகப் பெரிய கண்டுபிடிப்பு ஜெபமணி. நம்முடைய விதை முழுக்கக் கெட்டுவிட்டது. அந்தக் காட்டில் இருப்பது தங்கம். உடனே பாதுகாக்க வேண்டும்." ஊர்க்காரர்கள் நூற்றெட்டுப் பேர் கையெழுத்திட்டு அதையே கேட்டிருந்தார்கள் என்றார். அவர்கள் எதற்காகக் கேட்டார்கள் என்பது ஜெபமணிக்குப் புரிந்தது. அவளுடைய பச்சை விளக்கு அணைந்தால் போதும் அவர்களுக்கு.

மயிலாத்தாளின் காடு தாய்விதைக் காப்பகம் என்று அறிவிக்கப்பட்டது. விதை நிறையச் சேர வேண்டும் என்பதால் ஏழு வருடம் மாடு நுழையத் தடை. வேலி ஓட்டையை அடைக்க உத்தரவு. மாடுகள் அவளிடமே இருக்கலாம், தீவனம் வாசலுக்கு வரும்.

ஆணையைப் படலடியில் வைத்து அவர்தான் படித்துக் காட்ட வேண்டியிருந்தது.

"திருட்டுன்னு முடிவாயிருந்தா எத்தனை வருசமுங் மூடுவீங்கோ?" என்று கேட்டாள் மயிலாத்தாள்.

"ஏழு."

"இது கௌரவமுங்களா?"

"ஆமா."

"இதுக்கும் ஏழு." அவள் முகத்தில் அழுகை இல்லை, கசப்புதான் இருந்தது. "மாடு கடிக்காட்டி இதுவும் அதைய மாதிரி ஆயிரும்னு உங்களுக்குத் தெரியாதுங்களா?"

"நாலாம் பக்கத்துல எழுதியிருக்கேன்மா. அவிய மூணாம் பக்கத்தோட நிறுத்திட்டாவ."

மயிலாத்தாள் படலைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தபடியே நின்றாள். செவலை அவள் பின்னால் வந்து, படல் திறக்கும் என்று நினைத்து, மூக்கால் அவள் முதுகை முட்டியது.

அதற்குப் பிறகு ஜெபமணி செய்ததைப் பார்த்தால், சந்தேகப்படுகிற மனிதருக்குள்ளும் பிடிவாதமான ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கும் என்று தெரியும். மனுமேல் மனு எழுதினார். நான்காம் பக்கத்தைத் தனியாக அச்சிட்டு ஆணையத்தில் ஒவ்வொரு மேசையிலும் வைத்தார். சக ஊழியர்கள் அவரைக் கண்டால் கழிப்பறைப் பக்கம் நழுவினார்கள். ஒன்றரை வருடம் இப்படி முட்டி மோதி ஒரு விதிவிலக்கு வாங்கிவிட்டார். காட்டுக்காரரே நேரில், 'நிலம் தேறிவிட்டது, மாடு மேய்வது புல்லுக்கு அவசியம்' என்று வாக்குமூலம் கொடுத்தால், காப்பகத்தின் படலை உடனே திறக்கலாம். மயிலாத்தாள் ஒரு வரி சொன்னால் போதும், அவளுடைய காடும் அந்தப் புல்லும் பிழைத்துவிடும்.

படிவத்தை எடுத்துக்கொண்டு அவர் வந்தது ஐப்பசி மாதம், நல்ல மழை ஒன்று பெய்து ஓய்ந்திருந்தது. முதலில் காட்டுக்குள் போனார். புல் இடுப்பைத் தொட்டது, கதிர்கள் காலில் பஞ்சு பஞ்சாக ஒட்டின. கைம்மானியால் நூறு தூரைக் குத்திப் பார்த்தார். தொண்ணூற்றாறு தூர் ஒழுங்காகப் பேசின. நான்கு தூர் சும்மாவே அழுதன. வேலி தாண்டி காற்றில் வந்து முளைத்தவையாக இருக்கும். கதிர் கனமாக இருந்ததும் அந்த நான்கில்தான். இன்னும் நேரம் இருக்கிறது, இந்த வாரமே மாட்டை விட்டால் சரியாகிவிடும். ஒன்றரை வருடத்தில் முதல் தடவையாக அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. கிட்டத்தட்ட ஓடித்தான் வீட்டுக்குப் போனார்.

மயிலாத்தாள் கொட்டகையில் இருந்தாள். முகத்தில் வெயில் கருப்பு குறைந்து, கொஞ்சம் சதை போட்டிருந்தாள். பத்து உருப்படியும் மினுமினுவென்று கொழுத்து வரிசையாக நின்று வில்லையை நொறுக்கின.

அவர் விஷயத்தைச் சொன்னார். மூச்சு வாங்கச் சொன்னார். படிவத்தை நீட்டினார்.

அவள் வாங்கவில்லை. கையை முந்தானையில் துடைத்தாள். மறுபடி துடைத்தாள்.

"இப்பவேங்களா?"

"இப்பவே. ஒரு வரிதான். நெலம் தேறிட்டுன்னு சொன்னியன்னா நாளைக்குப் படலத் தொறந்திருலாம்."

"தேறிடுச்சுங்களா அது?"

"நீங்கதாம்மா சொல்லணும். ஒங்க கண்ணு என்ன சொல்லுது?"

அவள் காட்டுப் பக்கம் திரும்பினாள். கொட்டகையிலிருந்து பார்த்தால் படலின் மேல்பாதி மட்டும்தான் தெரியும். அவள் அங்கிருந்து நகரவில்லை. எட்டிக்கூடப் பார்க்கவில்லை. முன்பெல்லாம் நாலு மணிக்கு எழுந்து, மாட்டை அவிழ்த்து, மத்தியானம் வரை வெயிலில் அலைந்த கால்கள் அவை. இப்போது ஆறு மணிக்கு எழுந்தால் போதும். ஒன்றரை வருடத்தில் அவளுக்கு முதுகுவலி போயிருந்தது. மகளைப் பார்க்க இரண்டு தடவை ஈரோட்டுக்குப் போய் வந்திருந்தாள். நாச்சிமுத்துவின் வீட்டோடு மறுபடியும் பேச்சுவார்த்தை உண்டாகியிருந்தது. இதில் எதையும் அவள் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

"பாவமுங்க புல்லு," என்றாள். "எத்தன வருசம் கடிபட்டுது. இன்னும் நொந்துட்டுத்தான் கெடக்குது."

ஜெபமணி அவள் முகத்தையே பார்த்தார். அந்த முகத்தில் பொய் எங்கே இருக்கிறது என்று தேடினார். கிடைக்கவில்லை. அவள் நிஜமாகவே வருத்தமாக இருந்தாள். கண்ணில் ஈரம்கூட இருந்தது. புல்லுக்கு இதைப் படிக்க இருபது வருடம் பிடித்தது, இவளுக்கு இரண்டு மழைக்காலம் போதுமாக இருந்திருக்கிறது. கைம்மானி தோளில்தான் தொங்கியது. அது இதற்கு உதவாது.

'நீங்களா இப்படிச் சொல்லுதிய' என்று கேட்க வாயெடுத்தார். கேட்டிருந்தால் அவள் என்ன சொல்லியிருப்பாளோ. ஆனால் அந்த நேரம் அவர் மனசிலும் ஒன்று வந்து உட்கார்ந்தது. படல் திறந்தால் அடுத்த வருடம் எல்லாப் படலையும் திறக்கச் சொல்வார்கள். மானியைக் கழற்றுவார்கள். அப்புறம் அவர் எங்கே போவது? அறிக்கை எழுதிய இரவில் தள்ளிவிட்ட கேள்வி அது, முட்டி மோதிய ஒன்றரை வருடமும் அவருக்கு வரவில்லை. இப்போதுதான் திரும்ப வந்தது, படிவம் கையில் இருக்கும்போது.

அவர் சாக்கின் மேல் உட்கார்ந்து, படிவத்தை முழங்காலில் வைத்து, பேனாவைத் திறந்தார்.

"அப்ப நெலம் இன்னும் தேறலைன்னு எழுதட்டா?"

"எழுதிக்கோங்."

எழுதினார். சும்மா அழுத அந்த நான்கு தூரைப் பற்றி எழுத அதில் இடம் இருந்தது. அதைக் காலியாக விட்டார்.

"இன்னும் எத்தன வருசம் மூடி வைக்கணும்னு ஒரு கட்டம் இருக்கு. ரெண்டுன்னு போடட்டா?"

மயிலாத்தாள் கொஞ்சம் யோசித்தாள். கீழே சிந்திக் கிடந்த வில்லை ஒன்றைப் பொறுக்கிச் செவலையின் வாய்க்கு நேராகக் கொடுத்தாள்.

"ஏழுல மிச்சம் இருக்கறது அஞ்சரைங்களே," என்றாள். "அதைய எதுக்குங்க கொறைக்கறது. பத்துன்னு போட்டுக்கோங்."

ஜெபமணி பத்து என்று போட்டார்.